மார்ச் 14-க்குள் எத்தனை ‘தினம்’?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 14 காலையில் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான் சுற்றும். இன்று பை (π) தினம். இன்று சர்வதேசக் கணித நாள். ஐன்ஸ்டீன் பிறந்த நாள், ஸ்டீபன் ஹாக்கிங் மறைந்த நாள், கார்ல் மார்க்ஸ் மறைந்த நாள். நதிகளுக்கான நாள். ஜப்பானில் வெள்ளை தினம். அமெரிக்காவில் உருளைக்கிழங்கு சிப்ஸ் தினம். சில வருடங்களில் உலகச் சிறுநீரக நாளும் கூடவே வந்து சேரும். இதற்கு நடுவே பல வீடுகளில் அடுப்படியில் காரடைக்கு அரிசி மாவு வறுபட்டுக்கொண்டிருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அன்றுதான் காரடையான் நோன்பு.

இவற்றில் எது அதிகாரபூர்வமானது, எது யாரோ கிளப்பிவிட்டது? இப்படி ஒரு நாளை யார் அறிவிக்கிறார்கள்? அறிவித்தால் என்ன ஆகும்? எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மாதிரி எழுத்தில் வருவதால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை இருப்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் இல்லை. இந்த ஒரு தேதியை மட்டும் பிரித்துப் பார்த்தாலே மற்ற 365 தேதிகளின் சூட்சுமமும் பிடிபட்டுவிடும்.

முதலில், எதை ‘நாள்’ என்கிறோம்?

ஒரு தேதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சங்கதிகள் மூன்று வகை.

1. நடந்த நிகழ்வு. 1879 மார்ச் 14-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஐன்ஸ்டீன் பிறந்தார். 1883 மார்ச் 14 பிற்பகலில் லண்டனில் மார்க்ஸ் இறந்தார். 1931 மார்ச் 14-இல் பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ திரையிடப்பட்டது. இவற்றை யாரும் அறிவிக்கத் தேவையில்லை. ஆவணம் இருக்கிறதா, தேதி சரியா என்பது மட்டுமே கேள்வி.

2. அறிவிக்கப்பட்ட நாள். யாரோ ஒருவர் அல்லது ஓர் அமைப்பு, “இனிமேல் இந்தத் தேதி இதற்கு” என்று முடிவு செய்தது. பை தினம், சிப்ஸ் தினம், யோகா தினம் எல்லாம் இந்த வகை. இங்கே கேட்க வேண்டியது ‘உண்மையா’ என்பதல்ல, ‘யார் சொன்னது’ என்பது.

3. கணித்து வருகிற நாள். பண்டிகைகளும் விரதங்களும். இவற்றுக்கு ஆங்கிலத் தேதி சொந்தம் இல்லை. சூரியனோ சந்திரனோ ஓர் இடத்துக்கு வரும்போது நாள் வருகிறது. அது மார்ச் 14-இல் விழுவது நாட்காட்டிகள் உரசிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் கொட்டுவதால் வருவது.

அறிவிப்பவர்கள் யார்?

மேல்படியில் ஐக்கிய நாடுகள் சபை. ஏதாவது ஓர் உறுப்பு நாடு தீர்மானத்தைக் கொண்டுவரும், மற்ற நாடுகள் அதோடு கையெழுத்துப் போடும், பொதுச் சபை ஏற்கும். யோகா தினம் இதற்கு நல்ல உதாரணம். இந்தியா கொண்டுவந்த அந்தத் தீர்மானத்துக்கு 177 நாடுகள் சேர்ந்து பெயர் கொடுத்தன. 2014 டிசம்பர் 11-இல் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. அடுத்த ஜூன் 21-இல் முதல் யோகா தினம். யுனெஸ்கோ போன்ற துணை அமைப்புகள் தங்கள் பொது மாநாட்டில் தனியாகவும் நாட்களை அறிவிக்கலாம். ஐ.நா.வின் பட்டியலில் இப்போது 200-க்கும் மேற்பட்ட நாட்கள் இருக்கின்றன.

ஐ.நா. அறிவித்துவிட்டது என்றால் பெரிய நிதி ஒதுக்கீடு வரும் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தீர்மானங்களின் கடைசிப் பத்தியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: இதற்கான செலவைத் தன்னார்வ நன்கொடையிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, கொண்டாடுங்கள், காசு எங்களிடம் கேட்காதீர்கள்.

இரண்டாவது படி அரசுகள். இந்தியாவில் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், பிப்ரவரி 28 அறிவியல் தினம் போன்றவை. நாட்டு எல்லைக்குள் இவற்றுக்கு மதிப்பு உண்டு, வெளியே கிடையாது.

மூன்றாவது படி, யார் வேண்டுமானாலும். சங்கங்கள், வியாபாரிகள், நண்பர்கள் இருவர். ‘கடல் கொள்ளைக்காரனைப் போலப் பேசும் தினம்’ என்று செப்டம்பர் 19-ஐ 1995-இல் தொடங்கியது அமெரிக்க நண்பர்கள் இருவர்தான். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்த காரணம் இன்னும் வேடிக்கை: அது அவர்களில் ஒருவருடைய முன்னாள் மனைவியின் பிறந்த நாள், சுலபமாக ஞாபகம் இருக்கும்.

அமெரிக்கப் பட்டியல்களில் ‘தேசிய’ என்ற சொல் ஒட்டிக்கொண்டு வரும்: தேசிய சிப்ஸ் தினம், தேசிய டோனட் தினம். நம் காதில் ‘தேசிய’ என்றால் அரசாங்க முத்திரை. அங்கே அப்படி இல்லை. அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். டோனட் தினத்துக்காவது ஒரு கதை இருக்கிறது. முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு டோனட் சுட்டுக் கொடுத்த தொண்டர்களை நினைத்து, 1938-இல் சிகாகோவில் சால்வேஷன் ஆர்மி தொடங்கியது அது. மிச்சம் பலவற்றின் பின்னால் இருப்பது விற்பனைத் துறையின் ஒரு மதியக் கூட்டமாகத்தான் இருக்கும். 1957-இல் மிச்சிகனில் சேஸ் என்ற சகோதரர்கள் இப்படிப்பட்ட நாட்களையெல்லாம் தொகுத்து ஆண்டுப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார்கள். அது வானொலிக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் காலையில் பேச விஷயம் கொடுத்தது. இன்று அதே வேலையை இணையதளங்கள் செய்கின்றன; கட்டணம் வாங்கிக்கொண்டு புது நாளைத் தங்கள் பட்டியலில் ஏற்றும் நிறுவனங்களும் உண்டு.

ஒரு நாள் கீழ்ப்படியில் பிறந்து மேல்படிக்கு ஏறவும் செய்யலாம். கழிப்பறையைப் பற்றிப் பேசவே எல்லோரும் கூச்சப்பட்ட காலத்தில், சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம் என்பவர் 2001 நவம்பர் 19-இல் அதற்கென்றே உலக அமைப்பு ஒன்றைத் தொடங்கி, அந்தத் தேதியை உலகக் கழிப்பறை நாள் என்றார். பலர் சிரித்தார்கள். 2013-இல் சிங்கப்பூர் அரசே அதைத் தீர்மானமாகக் கொண்டுபோக, ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்டது. மார்ச் 14-இன் நாயகனான பை தினமும் இப்படிப் படியேறியதுதான்.

பை தினம்: விளையாட்டிலிருந்து யுனெஸ்கோ வரை

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவது பை. சின்ன வட்டமோ பெரிய வட்டமோ, விடை ஒன்றுதான்: 3.14159265… முடிவே இல்லாமல் போகும். 1988-இல் சான்ஃபிரான்சிஸ்கோவிலுள்ள எக்ஸ்ப்ளோரேட்டோரியம் என்ற அறிவியல் காட்சியகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் லாரி ஷா, அமெரிக்கர்கள் மார்ச் 14-ஐ 3/14 என்றுதானே எழுதுகிறோம் என்று யோசித்தார். ஊழியர்கள் சிலர் வட்டமாக ஊர்வலம் வந்தார்கள், பழம் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பதார்த்தத்தைச் சாப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் எண்ணுக்கும் பலகாரத்துக்கும் ஒரே உச்சரிப்பு என்பதுதான் நகைச்சுவை. தமிழில் அது எடுபடாது. நமக்குப் பை என்றால் மளிகைக் கடைக்குக் கையில் எடுத்துப்போவது.

அன்றைக்கு ஐன்ஸ்டீன் பிறந்த நாளும் என்பது தற்செயல்தான், ஆனால் கொண்டாட்டத்துக்கு அது பெரிய பலம். பள்ளிகளுக்குப் பரவியது. 2009 மார்ச் 12-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 391-க்கு 10 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. இங்கே வார்த்தையைக் கவனிக்க வேண்டும். அந்தச் சபை 1995-இல் தனக்கே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு நாள், வாரம், மாதம் கேட்டு வந்த சிறப்பு மசோதாக்களில் சபையின் நேரம் வீணாகிறது என்று, ஒரு காலத்தைக் குறித்து ‘இது இதற்கான நாள்’ என அறிவிக்கும் மசோதாக்களை நிறுத்திவிட்டார்கள். ஆகவே 2009 தீர்மானம் நாளை உருவாக்கவில்லை. அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதை ‘ஆதரிக்கிறது’. சட்டமும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஆனால் “அமெரிக்க நாடாளுமன்றம் அறிவித்த தினம்” என்று ஃபார்வர்டில் போட அது போதுமானதாக இருந்தது.

2019-இல் யுனெஸ்கோ பொது மாநாடு மார்ச் 14-ஐ சர்வதேசக் கணித நாளாக அறிவித்தது; 2020-இல் முதல் கொண்டாட்டம். ஆக, ஒரே தேதியில் இரண்டு நாட்கள்: பை தினம் அதிகாரமற்ற பழைய விளையாட்டு, கணித நாள் யுனெஸ்கோவின் முத்திரையோடு வந்தது. ஃபார்வர்டுகள் இரண்டையும் ஒன்றாக்கி “யுனெஸ்கோ அறிவித்த பை தினம்” என்கின்றன. தவறு.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் தேதியை முதலிலும் மாதத்தைப் பின்னாலும் எழுதுகிறோம். நமக்கு அது 14/3. அதில் பை எங்கே இருக்கிறது? நம் முறைப்படி எழுதினால் பை வரும் தேதி ஜூலை 22, அதாவது 22/7. பள்ளிக்கூடத்தில் நம்மில் பலருக்குப் பையே 22/7 என்றுதான் அறிமுகம். அந்த நாளை ‘தோராய பை தினம்’ என்று சில நாடுகளில் கொண்டாடவும் செய்கிறார்கள். பெயர்தான் கொஞ்சம் அநியாயம். இரண்டில் எது கூடுதல் தோராயம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்:

1. உண்மையான பை: 3.14159…
2. 3.14 என்று எடுத்தால் 0.00159 குறைகிறது.
3. 22/7 என்று எடுத்தால் 3.14285…, அதாவது 0.00126 கூடுகிறது.

பிழை 22/7-இல்தான் குறைவு. ஜூலை 22 மார்ச் 14-ஐவிடத் துல்லியமான பை தினம்.

தமிழில் வழங்கிவரும் பழைய கணக்குப் பாட்டு ஒன்றும் இதையேதான் சொல்கிறது. வகுத்தல் பெருக்கல் சூத்திரமாக இல்லாமல், கையால் செய்யும் வேலையாக: விட்டத்தை ஏழு கூறாக்கு, அதில் நான்கு கூறை விட்டத்தோடு சேர், பிறகு இரட்டித்துவிடு; கிடைப்பது சுற்றளவு. ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குறுக்கே 28 செ.மீ. ஏழு கூறாக்கினால் கூறு ஒன்றுக்கு 4. நான்கு கூறு 16. தட்டின் 28-ஓடு சேர்த்தால் 44. இரட்டித்தால் 88. இனி ஒரு நூலைத் தட்டைச் சுற்றிக் கட்டி, பிரித்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் 88-க்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். சரியான விடை 87.96. நூல் கட்டுகிறவரின் கை நடுக்கம் அந்த வித்தியாசத்தைவிடப் பெரியது.

அப்படியானால் லட்சக்கணக்கில் இலக்கங்களைக் கண்டுபிடிப்பது எதற்கு? நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் கோள்களுக்கு இடையே விண்கலம் ஓட்டும் கணக்குக்கே புள்ளிக்குப் பின்னால் 15 இலக்கம் போதும் என்கிறது. மிச்சமெல்லாம் கணினியைச் சோதிக்கவும் சாதனை படைக்கவும்தான். 2019 மார்ச் 14-இல் கூகுளைச் சேர்ந்த எம்மா ஹருகா இவாவோ 31.4 லட்சம் கோடி இலக்கங்களைக் கணக்கிட்டதாக அறிவிப்பு வந்தது. அந்த எண்ணிக்கையே பையின் இலக்கங்களில் அமையும்படி வேண்டுமென்றே நிறுத்திய கணக்கு அது. இப்படிப்பட்ட கணக்கீடுகளுக்கு இன்று பயன்படும் சுட்னோவ்ஸ்கி சூத்திரம், 1914-இல் ராமானுஜன் வெளியிட்ட சூத்திரங்களின் வழியில் வந்தது. மனப்பாடத்தில் கின்னஸ் பதிந்த சாதனையும் நமக்குப் பக்கத்தில் நடந்ததுதான்: 2015 மார்ச் 21-இல் வேலூர் வி.ஐ.டி. வளாகத்தில் ராஜ்வீர் மீனா கண்ணைக் கட்டிக்கொண்டு 70,000 இலக்கங்களை ஒப்பித்தார். பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. தேதியைப் பாருங்கள், பை தினத்துக்கு ஒரு வாரம் கழித்து.

ஹாக்கிங்கும் ஐன்ஸ்டீனும்: இது வெறும் தற்செயலா?

ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8. கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு. மறைந்தது 2018 மார்ச் 14, ஐன்ஸ்டீன் பிறந்த தேதி, பை தினம் வேறு. இதைப் படித்தவுடன் உடம்பு சிலிர்ப்பது நியாயம்தான். கொஞ்சம் கணக்கும் போடலாம்.

1. புகழ்பெற்ற இயற்பியலாளர்கள் பத்துப் பேரை எடுத்தால், பிறந்த நாளும் இறந்த நாளுமாக 20 தேதிகள்.
2. யாரோ ஒருவரின் பிறந்த நாள் அந்த 20-இல் ஒன்றில் விழ வாய்ப்பு 365-இல் 20, ஏறத்தாழ 18-இல் ஒன்று.
3. இறந்த நாளும் அப்படியே விழ இன்னொரு 18-இல் ஒன்று. இரண்டும் சேர்ந்து விழ, 330-இல் ஒன்று போல.

330-இல் ஒன்று என்பது அரிதுதான். ஆனால் பேர் சொல்லக்கூடிய விஞ்ஞானிகள் சில நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் எவராவது ஒருவருக்கு இப்படி அமைவதில் வியப்பில்லை. அமைந்தவரைப் பற்றித்தான் ஃபார்வர்டு வரும். அமையாதவர்களைப் பற்றி யாரும் செய்தி அனுப்புவதில்லை. ‘வரலாற்றில் இன்று’ பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சல்லடை இருக்கிறது.

தேதியே இரண்டாக இருந்தால்?

நடந்த நிகழ்வுக்கு ஆவணம் மட்டும் போதும் என்றோம். அங்கேயும் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, நேரம். ஹாக்கிங் மறைந்த செய்தி வெளியானது பிரிட்டனில் 14-ஆம் தேதி விடிவதற்கு முன். அமெரிக்காவில் அப்போது இன்னும் 13 இரவு. பை தினம் பிறக்கக் காரணமான 3/14 என்ற எழுத்துமுறை எந்த நாட்டுடையதோ, அங்கே அந்தச் செய்தி பை தினத்துக்கு முந்தின இரவே வந்துவிட்டது.

இன்னொன்று, நாட்காட்டி. “கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறந்தார்” என்பது இன்னும் பல புத்தகங்களில் இருக்கிறது. கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8, இத்தாலி பின்பற்றிய கிரிகோரியன் கணக்கு. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25, இங்கிலாந்து விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பழைய ஜூலியன் கணக்கு. ஒரே கணக்கில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. அழகான கதை போயிற்று. இங்கிலாந்து 1752-இல்தான் வழிக்கு வந்தது. அந்தச் செப்டம்பரில் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14.

யுனெஸ்கோவும் இதற்குத் தப்பவில்லை. ஏப்ரல் 23-ஐ அது 1995-இல் உலகப் புத்தக நாளாக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, 1616-இல் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸும் அந்தத் தேதியில் இறந்தார்கள் என்பது. ஸ்பெயின் ஒரு நாட்காட்டி, இங்கிலாந்து வேறு நாட்காட்டி. இரண்டு ஏப்ரல் 23-களுக்கும் நடுவே பத்து நாள் இடைவெளி. மகளிர் தினமும் இப்படித்தான்: 1917-இல் ரஷ்யப் பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியது அவர்கள் கணக்கில் பிப்ரவரி 23, மற்றவர்களுக்கு மார்ச் 8.

நகரும் நாட்கள்: நோன்பும் சிறுநீரகமும்

உலகச் சிறுநீரக நாளை 2006 முதல் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் நடத்துகின்றன. அதற்குத் தேதி இல்லை, கிழமைதான்: மார்ச் மாத இரண்டாம் வியாழன். இரண்டாம் வியாழன் 8-ஆம் தேதிக்கு முன் வராது, 14-ஐத் தாண்டாது. 2019-இலும் 2024-இலும் மார்ச் 14-இல் விழுந்தது. அந்த வருடத்து ஃபார்வர்டை அடுத்த வருடமும் தேதி மாற்றாமல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரடையான் நோன்பு வேறு மாதிரி. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் அந்தச் சந்தியில் அது வரும். சூரியன் கும்ப ராசியை விட்டு மீனத்துக்குள் போகிற நொடிதான் சந்தி. அது காலை பத்து மணியாகவும் இருக்கலாம், நள்ளிரவாகவும் இருக்கலாம். “மாசிக் கயிறு பாசி படியும்” என்பது வழக்கு. மாசி இருக்கும்போதே மஞ்சள் சரடு கட்டிக்கொண்டால், கயிறு பாசி பிடிக்கும் அளவுக்கு நீடித்திருக்கும் என்று அர்த்தம். அதனால்தான் பஞ்சாங்கத்தில் நோன்புக்குத் தேதியோடு மணி, நிமிடமும் போடுகிறார்கள். நள்ளிரவுச் சந்தி என்றால், வெல்ல அடையும் உப்பு அடையும் இட்லிப் பானையில் வெந்து இறங்கி, மேலே உருகாத வெண்ணெய் வைத்து, வீடே கண் விழித்துக் காத்திருக்கும்.

அப்படியானால் ஏன் பெரும்பாலும் மார்ச் 14? காரணம் மூன்று படியில்:

1. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்து நடக்கிறது. அதே ராசிக்குச் சூரியன் திரும்பி வர 365 நாள் 6 மணி 9 நிமிடம் போல ஆகும்.
2. ஆங்கில ஆண்டில் 365 நாள்தான். எனவே சந்தி ஒவ்வொரு வருடமும் சுமார் 6 மணி நேரம் தள்ளிப்போகும். நான்காவது வருடம் பிப்ரவரி 29 வந்து அதை ஏறத்தாழப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். ஆகவே 14-க்கும் 15 விடியலுக்கும் நடுவே ஊசலாட்டம்.
3. அந்த இழுப்பு முழுசாகச் சரிப்படுத்துவதில்லை. சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தமிழ் மாதங்கள் ஆங்கிலத் தேதியில் பின்னால் நகர்கின்றன. பொங்கல் இப்போதெல்லாம் ஜனவரி 15-இல் அதிகம் வருவதும் இதனால்தான்.

ஹோலி இன்னும் வேறு. அது பௌர்ணமிக் கணக்கு. 2025-இல் மார்ச் 14-இல் வந்தது என்பதால் அந்தத் தேதி அதற்கு உரியது ஆகிவிடாது.

மிச்சம் இரண்டு

வெள்ளை தினத்தின் கதை சுருக்கமானது. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. வாங்கிய ஆண்கள் திருப்பித் தர ஒரு நாள் வேண்டாமா என்று 1970-களின் கடைசியில் மிட்டாய் வியாபாரிகள் மார்ச் 14-ஐப் பிடித்தார்கள். ஃபுகுவோகாவின் பழைய இனிப்புக் கடை ஒன்று மார்ஷ்மெல்லோ விற்க ஆரம்பித்தது, தேசிய மிட்டாய்த் தொழில் சங்கம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கொரியாவில் அடுத்த படியும் உண்டு: இரண்டு நாளிலும் ஒன்றும் கிடைக்காதவர்கள் ஏப்ரல் 14-இல் கறுப்புச் சாந்து ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளும் ‘கறுப்பு தினம்’.

நதிகளுக்கான நாள் அதற்கு நேர் எதிர். 1997-இல் பிரேசிலின் குரிச்சிபா நகரில், அணைகளால் வீடு நிலம் இழந்தவர்களின் முதல் சர்வதேசக் கூட்டம் கூடியது. பிரேசில்காரர்கள் ஏற்கெனவே அணை எதிர்ப்பு நாளாக வைத்திருந்த மார்ச் 14-ஐயே எல்லோருக்கும் எடுத்துக்கொண்டார்கள். இதன் பின்னால் அரசு இல்லை, ஐ.நா.வும் இல்லை. சிப்ஸ் தினமும் இதுவும் அதிகாரத்தில் ஒரே படிதான், கனத்தில் அல்ல. ‘அதிகாரபூர்வமா’ என்ற கேள்வி மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதனால் நமக்கு என்ன?

நாள் தவறினால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று விட்டுவிடலாம். ஆனால் பள்ளிப் பேச்சுப் போட்டியில் தொடங்கி சட்டமன்றம் வரை இது வந்து நிற்கிறது.

பிப்ரவரி 28 சர் சி.வி. ராமன் பிறந்த நாள் என்று ஆண்டுதோறும் மேடைகளில் கேட்கலாம். இல்லை. 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட தேதி அது. அவர் திருச்சியில் பிறந்தது 1888 நவம்பர் 7. ஆசிரியர் தினம் நமக்குச் செப்டம்பர் 5. யுனெஸ்கோவின் உலக ஆசிரியர் நாள் அக்டோபர் 5. குழந்தைகள் தினம் நமக்கு நவம்பர் 14, ஐ.நா.வுக்கு நவம்பர் 20. இரண்டு படிகளின் நாட்கள், எதுவும் தவறில்லை. ‘உலக’ என்ற சொல்லை நம் தேதிக்கு முன்னால் ஒட்டும்போதுதான் தவறாகிறது.

தமிழ்நாடு நாள் இதில் கடினமான கணக்கு. மொழிவாரி மாநிலம் அமைந்தது 1956 நவம்பர் 1. ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. 2019-இல் அன்றைய அரசு நவம்பர் 1 என்றது. 2021-இல் அடுத்த அரசு ஜூலை 18 என்றது. மூன்று தேதிகளுமே ஆவணத்தில் இருப்பவை. எல்லை அமைந்ததைக் கொண்டாடுவதா, பெயர் கேட்டதைக் கொண்டாடுவதா என்பதுதான் தகராறு. அதை எந்த நாட்காட்டியும் தீர்த்துவைக்காது.

ஆகவே அடுத்த முறை “இன்று என்ன நாள் தெரியுமா” என்று ஒரு செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன் நாலு கேள்வி:

1. நடந்ததா, அறிவித்ததா, கணித்து வருவதா?
2. அறிவித்தது என்றால் யார்? ஐ.நா. நாள் என்றால் ஐ.நா. தளத்தின் பட்டியலில் பெயர் இருக்கும். இல்லையென்றால் அது ஐ.நா. நாள் இல்லை.
3. எந்த நாட்டு வழக்கு? 3/14 போல, தேதி எழுதும் முறையிலேயே நாடு ஒளிந்திருக்கலாம்.
4. தேதியா, கிழமையா? கிழமை என்றால் இது எந்த வருடத்துச் செய்தி?

நான்காவது கேள்விக்கு ஒரு முன்னறிவிப்பு: மார்ச் 14 அடுத்து வியாழக்கிழமையில் வருவது 2030-இல். அந்தக் காலைப் பட்டியலில் சிறுநீரக நாளும் உண்மையாகவே இருக்கும். காரடையை எத்தனை மணிக்கு வேக வைக்க வேண்டும் என்பதை மட்டும் பஞ்சாங்கத்தில்தான் பார்க்க வேண்டும்.